21 வளைவுகளும் ஒரு கொண்டை ஊசியும்

அடல் சுரங்கத்தின் வடக்கு வாயிலை விட்டு வெளியே வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மணாலிப் பக்கத்து மழை மேகமெல்லாம் மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட, லாஹூல் பள்ளத்தாக்கு கழுவித் துடைத்த பித்தளைப் பாத்திரம் போல வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. சிசு கிராமத்துக்கு எதிரே மலையுச்சியிலிருந்து இறங்கும் அருவியைப் பார்க்க வண்டியை மெதுவாக்கினார் நண்பர். அப்போதுதான் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. 'பீப்'. இரண்டு விநாடி மௌனம். மறுபடி 'பீப்'. பட்டாணி அளவில் ஒரு சிவப்பு விளக்கும் அதோடு சேர்ந்து கண் சிமிட்டியது.

"தண்ணீர் குறைஞ்சிருக்குன்னு சொல்லுது" என்றார் நண்பர். இறங்கி பானட்டைத் தூக்கினோம். ரேடியேட்டரோடு இணைந்த பிளாஸ்டிக் தொட்டியில் பச்சை நிறக் கூலன்ட் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் சாதுவாக நின்றுகொண்டிருந்தது. ஒரு சொட்டும் குறையவில்லை. வண்டியைக் கிளப்பினோம். 'பீப்'.

2024 செப்டம்பர் கடைசி வாரம். நண்பர் ரயில்வேயின் சிக்னல் பிரிவில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர், தில்லியில் வீடு. ஓய்வுக்காலப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவிட்டு, பதினேழு பேர் உட்காரக்கூடிய வேன் ஒன்றை வாங்கி, சீட்டுகளைப் பிடுங்கிவிட்டு, படுக்கை, கேஸ் அடுப்பு, சின்ன சிங்க், தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கேம்பர் வேனாக மாற்றியிருந்தார். கூலன்ட் குறைந்தால் கத்தும் அலாரம் வேனோடு வந்ததல்ல. உள் அலங்காரம் செய்துகொடுத்த பட்டறைக்காரர் தாமாகவே பொருத்திக் கொடுத்தது. "ஃப்ரீ சார்" என்றாராம். மூன்று வருடமாக வாயைத் திறக்காமல் இருந்த அலாரம், உருப்படியான பட்டறையை விட்டு வெகுதூரம் வந்த பிறகு திறந்துகொண்டது.

இந்தச் சாலையில் கார் வைத்திருக்கும் எவரும் இதைப் படித்துவிட்டு, வெப்பமானி முள் இருக்கும்போது இன்னொரு அலாரம் எதற்கு என்று கேட்கலாம். நானும் கேட்டேன். முள்ளை அசைப்பது எஞ்சினுக்குள் ஓடும் திரவத்தில் மூழ்கியிருக்கும் ஒரு சென்ஸார். திரவமே வடிந்துபோனால் சென்ஸார் வெறும் காற்றிலும் ஆவியிலும் தொங்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் நல்ல பிள்ளையாக நடுவில் நிற்கக்கூடும். எனவே சூட்டை அளப்பதோடு திரவம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சமவெளியில் இது ஒரு நுணுக்கம். 4,000 மீட்டருக்கு மேலே, அடுத்த டெலிபோன் எங்கே என்று தெரியாத இடத்தில், அப்படிச் சொல்லிவிட முடியாது.

சந்திரா நதியும் பாகா நதியும் கூடும் தண்டியில் பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கி.மீ. தொலைவில் என்று எச்சரித்த அதன் பலகை முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாத மோட்டார் சைக்கிள்காரர்கள் குறைவு. டாங்கை நிரப்பினோம், இரண்டு கேன்களில் உபரி டீசலும் பிடித்தோம். அலாரம் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. நண்பரின் மனைவி அதற்குள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். பெயர் அவருடைய மறைந்த மாமியாருடையது என்பதால் இங்கே எழுத முடியாது.

கேலாங் லாஹூல்-ஸ்பிதி மாவட்டத்தின் தலைநகர். உயரம் சுமார் 3,100 மீட்டர். சரிவில் அடுக்கடுக்காக வீடுகள், நடுவே ஒற்றை பஜார். பஸ் நிலையத்துக்குக் கீழே தகரக் கூரை போட்ட ஒரு ஷெட்டில் மிஸ்திரி இருப்பதாகச் சொன்னார்கள். மண்டி மாவட்டத்துக்காரர், வயது ஐம்பது இருக்கும். சாலை திறந்திருக்கும் மாதங்களில் மட்டும் இங்கே கடை. சத்தத்தைக் கேட்டார், தொட்டியைப் பார்த்தார், ஒயரைத் தடவிக்கொண்டே போனார். பிறகு கேட்டார்: "மாதாஜி, தலையில் ஊசி இருக்கிறதா?"

நண்பரின் மனைவி கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவிக் கொடுத்தார். அதன் இரண்டு முனைகளிலும் இருந்த கறுப்புப் பூச்சை மிஸ்திரி கத்தியால் சுரண்டினார். தொட்டியிலிருந்த சென்ஸாரின் பிளக்கைக் கழற்றி, அதன் இரு துளைகளிலும் ஊசியின் இரு கால்களையும் செருகினார். சத்தம் நின்றது. ஊசியை உருவினார். சத்தம். செருகினார். மௌனம்.

"பெட்டி நன்றாக இருக்கிறது, ஒயர் நன்றாக இருக்கிறது. தொட்டிக்குள் இருப்பதுதான் பொய் சொல்கிறது" என்றார்.

நண்பரின் முகம் மலர்ந்தது. தன் தொழில் ரகசியத்தை ஒரு மலை மிஸ்திரி கொண்டை ஊசியை வைத்துச் செய்துகாட்டிய சந்தோஷம் அது. ரயில் பாதையில் தண்டவாளங்கள் வழியாக மெல்லிய மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அது ஒரு ரிலேயைத் தூக்கிப் பிடித்திருக்கும் வரைதான் சிக்னல் பச்சை காட்டும். ரயில் வந்தால் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிட, ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும். ஒயர் அறுந்தாலும் ரிலே விழும், சிவப்பாகும். தண்டவாளம் உடைந்தாலும் அப்படித்தான். கெட்டால் ஆபத்து என்று சொல்லும்படி கெட வேண்டும் என்பது சிக்னல்காரர்களின் வேதம். இந்த அலாரமும் அதே ஜாதி. தொட்டிக்குள் இரண்டு உலோகக் குச்சிகள் தொங்குகின்றன. கூலன்ட் அவற்றைத் தொட்டுக்கொண்டிருந்தால் அதன் வழியே மின்சாரம் பாயும். பெட்டி வாயை மூடிக்கொண்டிருக்கும். மட்டம் இறங்கினால் பாய்ச்சல் அறும், பெட்டி கத்தும். ஒயர் அறுந்தாலும், பிளக்கில் பாசி பிடித்தாலும், குச்சியில் அழுக்குப் படிந்தாலும்கூட அது கத்தத்தான் செய்யும். ஊசியைச் செருகுவது, தண்ணீர் இருக்கிறது என்று பெட்டிக்குப் பொய் சாட்சி சொல்வது.

எஞ்சின் ஆறுவதற்காக டீ குடித்தோம். பிறகு சென்ஸாரைத் திருகி வெளியே எடுத்தார் மிஸ்திரி. இரண்டு குச்சிகளிலும் வெந்நீர்ப் பானையின் அடியில் இருக்குமே, அந்த வெள்ளைப் பொருக்கு. போன டிசம்பரில் ஜெய்சல்மேர் போயிருந்தபோது வழியில் போர்வெல் தண்ணீரை ஊற்றியதை நண்பர் ஒப்புக்கொண்டார். சுத்திகரித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். கிடைக்கவில்லை. பட்டறைக்காரர் இலவசமாகக் கொடுத்த பெட்டியும் தன் பங்கைச் செய்திருந்தது. நல்ல பெட்டிகள் குச்சிகளுக்கு மாறுதிசை மின்சாரத்தை அனுப்பும். மலிவானவை ஒரே திசையில் அனுப்பும்; அப்படி அனுப்பினால் முலாம் பூசும் தொட்டியில் நடப்பதுபோல ஒரு குச்சியில் படிவு சேரும், இன்னொன்று அரிக்கும். மிஸ்திரி 'ரெக்மால்' என்றார். நம் ஊர் உப்புத்தாள்தான். பளபளவென்று தேய்த்து மாட்டினார். அமைதி. இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, ஊசியைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்: "மேலே போய் மறுபடி கத்தினால் இதை மாட்டிக்கொண்டு ஓட்டலாம். ஆனால் பாபுஜி, அப்போது 20 கிலோமீட்டருக்கு ஒருமுறை நீங்களே பானட்டைத் திறந்து பார்க்க வேண்டும்."

ஜிஸ்பா, தர்ச்சா. தர்ச்சாவில் ஷிங்கு லா வழியாக ஸன்ஸ்காருக்குப் போகும் சாலை பிரிகிறது. நாங்கள் பழைய பாதையில் ஏறினோம். ஜிங் ஜிங் பார் என்ற பெயரைக் கேட்டு அங்கே மதுக்கடை இருக்கும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. இருப்பது சில கூடாரக் கடைகள்தான். சாலையோரம் தார் டிரம்களுக்கு நடுவே முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கல் அடுக்குகிறவர்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்து, குறிப்பாகத் தும்காப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். கோடை தொடங்கும்போது ஏறி, பனி விழும்போது இறங்குகிறவர்கள். வண்டியைக் கண்டதும் தண்ணீர் பாட்டிலுக்காகக் கை நீட்டினார்கள். எங்களிடம் இருந்ததில் நான்கைக் கொடுத்தோம். அடுத்த நாள் அந்த நான்கை நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பாகா நதி பிறக்கும் சூரஜ் தால் ஏரியைத் தாண்டி பாரலாச்சா லா. உயரம் 4,890 மீட்டர். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே சுமார் 84 டிகிரியில் கொதித்துவிடும். எஞ்சினோ தொண்ணூறு டிகிரியில் வேலை செய்யும் பிராணி. அப்படியானால் கூலன்ட் ஏன் கொதித்து வழிவதில்லை? தொட்டியின் மூடிதான் காரணம். அதற்குள் இருக்கும் ஸ்பிரிங் ஒரு குறிப்பிட்ட அழுத்தம் வரும்வரை திறக்காது. பிரஷர் குக்கரின் வெயிட் மாதிரி. அழுத்தம் ஏற ஏற கொதிநிலையும் ஏறும். மூடியிலோ ஹோஸிலோ ஒரு மெல்லிய கசிவு இருந்தால் போதும், அழுத்தம் போய்விடும். சமவெளியில் தாக்குப்பிடிக்கும் வண்டி இங்கே கொதித்துவிடும். இதையெல்லாம் நண்பர் கணவாயில் நின்று மூச்சிரைக்க விளக்கினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

இரவு சர்ச்சுவில். ஹிமாசலும் லடாக்கும் சந்திக்கும் மேட்டு நிலம்; சுமார் 4,300 மீட்டர். செப்டம்பர் கடைசியில் கூடாரக்காரர்கள் பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டிருந்தார்கள். குழாய்கள் உறைந்து வெடிக்காமல் இருக்க, வேனின் தண்ணீர்த் தொட்டியைப் படுப்பதற்கு முன் காலி செய்தோம். மூன்று பேருக்கும் தலைவலி. யாரும் சரியாகத் தூங்கவில்லை.

காலை ஆறரை மணிக்கு எஞ்சினைக் கிளப்பியதும் 'பீப்'.

நண்பர் டார்ச்சுடன் பார்த்தார். கூலன்ட் கீழ்க் கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே. "குளிர்ல எல்லாத் திரவமும் சுருங்கும். சூடானா ஏறிடும்" என்றார். அது உண்மைதான். அவர் மனைவி, "ஏங்க, வண்டிக்கு அடியிலே கல்லெல்லாம் பச்சையா ஈரமா இருக்கு" என்றார். "ராத்திரி நமக்கு முன்னாடி நின்ன வண்டியோடதா இருக்கும்." அது உண்மையா என்று யாரும் குனிந்து பார்க்கவில்லை. பின்னாலிருந்து ராணுவக் கான்வாய் வருகிறது என்று கூடாரக்காரர் சொன்னதுதான் காரணம். கான்வாய்க்குப் பின்னால் மாட்டினால் மலை ஏறுவதற்குள் மதியமாகிவிடும். "தம்பி, அந்த ஊசியை எடுங்க" என்றார் நண்பர். எடுத்துக் கொடுத்தது நான். சிக்னல் பிரிவில் 34 வருடம் இருந்தவர், சிவப்பு விளக்கின் வாயை ஒரு கொண்டை ஊசியால் அடைத்துவிட்டு ஸ்டியரிங் முன் உட்கார்ந்தார்.

சர்ச்சுவிலிருந்து சாலை ட்ஸாரப் நதியை ஒட்டி ஓடுகிறது. ஆற்றங்கரை மண்ணைக் காற்றும் நீரும் அறுத்துக் கோயில் தூண்கள்போல நிறுத்தியிருக்கின்றன. இருபதாவது கிலோமீட்டரில் நிறுத்த வேண்டும் என்பது மூன்று பேருக்கும் நினைவிருந்தது. வளைவுகள் ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அங்கேயும் நிறுத்தவில்லை.

காட்டா லூப்ஸ். ஒரே மலைமுகத்தில் 21 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் பத்து கிலோமீட்டரில் ஐநூறு மீட்டருக்கு அருகில் ஏற்றம். கீழிருந்து பார்த்தால் மலையில் யாரோ ரிப்பனை மடித்து மடித்து வைத்தது போலிருக்கும். இரண்டாவது கியரில் ஏறினோம். பன்னிரண்டாவது வளைவில் வெப்பமானி முள் வழக்கமான இடத்தைவிட்டு நகர்ந்தது. பதினான்கில் இன்னும் கொஞ்சம். "ஏதோ இனிப்பா வாசனை வருதே" என்றார் நண்பரின் மனைவி. பாகு காய்ச்சுவது போன்ற வாசனை. கூலன்டில் கலந்திருக்கும் கிளைக்கால் சூடான உலோகத்தில் பட்டால் அப்படித்தான் மணக்கும்.

நிறுத்தினோம். எஞ்சினுக்கு அடியில் பச்சைத் துளிகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. தொட்டி காலி. கீழ் ஹோஸின் கிளாம்ப் தளர்ந்திருந்தது. இரவுக் குளிரில் ரப்பர் சுருங்கி அங்கே கசிய ஆரம்பித்திருக்கிறது. ஏற்றத்தில் அழுத்தம் கூடியதும் பீய்ச்சியிருக்கிறது. சர்ச்சுவில் அலாரம் சொன்னது பொய்யில்லை. முந்தைய நாள் சிசுவில் சொன்னது பொய். இரண்டு பொழுதுகளிலும் சத்தம் ஒன்றுதான்.

கையிருப்பைக் கணக்கெடுத்தோம். உபரிக் கூலன்ட் இல்லை. வேனின் தொட்டி முந்தைய இரவே காலி. குடிக்க ஒன்றரை லிட்டர், பிளாஸ்கில் கொஞ்சம் வெந்நீர். எஞ்சினுக்குக் குறைந்தது மூன்று லிட்டர் வேண்டும். செல்போன்களில் ஒன்றுமில்லை. நண்பர் படிக்கட்டில் உட்கார்ந்து கையில் அந்த ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.

முதலில் வந்தது கான்வாய் அல்ல. லேவுக்குப் போகும் ஒரு டீசல் டாங்கர். இந்தச் சாலையில் நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு நிற்காமல் போகும் லாரி அநேகமாகக் கிடையாது. டிரைவர் பதான்கோட்டைச் சேர்ந்த சர்தார்ஜி. ஸ்க்ரூ டிரைவரோடு அடியில் படுத்து ஐந்தே நிமிடத்தில் கிளாம்பை இறுக்கிவிட்டு எழுந்தார். நண்பர் தொட்டி மூடியில் கை வைத்ததும் அதட்டினார்: "கையை எடுங்கள் பாபுஜி! முகம் வெந்துவிடும்." அழுத்தத்தில் அடங்கியிருக்கும் திரவம் மூடி திறந்த மாத்திரத்தில், இந்த உயரத்தில், மொத்தமாக ஆவியாகச் சீறும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் வெடிக்கும் ஆபத்து வேறு. முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

"தண்ணீருக்கு மேலே போங்கள். அவனிடம் நிறைய இருக்கிறது" என்றார் சர்தார்ஜி.

அவன் யாரென்பது இந்தச் சாலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். வளைவுகளின் மேற்பகுதியில் ஒரு சின்னக் கல் மேடை இருக்கிறது. அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் மினரல் வாட்டர் பாட்டில்கள். 1999 அக்டோபரில், சாலை மூடப்போகும் சமயத்தில், ஒரு லாரி இங்கே பழுதாகி நின்றதாகவும், டிரைவர் உதவி தேடிப் போக, கிளீனர் மட்டும் காவலுக்கு இருந்ததாகவும், பனிப்புயலில் பாதை அடைபட்டு நாட்கள் கழித்து டிரைவர் திரும்பியபோது அவன் குளிரிலும் தாகத்திலும் செத்துக் கிடந்ததாகவும் கதை. அதற்குப் பிறகு, வளைவுகளில் ஒருவன் வண்டிகளை மறித்துத் தண்ணீர் கேட்பதாகப் பேச்சு பரவியது. அன்றிலிருந்து கடந்து போகிறவர்கள் ஒரு பாட்டிலை வைத்துவிட்டுப் போகிறார்கள். சிலர் சிகரெட்டும் வைக்கிறார்கள்.

"சாமிக்கு வெச்சதை எடுக்கறதா? வேண்டாம்" என்றார் நண்பரின் மனைவி. நான் அதை இந்தியில் சொன்னேன். சர்தார்ஜி சிரிக்கவில்லை. "மாதாஜி, அவன் வண்டி நின்றுபோய்த் தண்ணீர் இல்லாமல் செத்தவன். வண்டி நின்றுபோய்த் தண்ணீர் கேட்பவனுக்கு இல்லை என்பானா? எடுங்கள். பாங்கில் வாங்கித் திரும்ப அனுப்பிவிடுங்கள்."

டாங்கரில் என்னை ஏற்றிக்கொண்டு போய் மேடை அருகே இறக்கினார். வெயிலில் வெளுத்த பாட்டில்களைத் தள்ளி, மூடி பிரிக்காத நான்கை எடுத்தேன். கை நடுங்கியதற்கு உயரம்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன். அவர் தன் வழியே போய்விட்டார். நான் செங்குத்தான குறுக்குப் பாதையில் சறுக்கிக்கொண்டு இறங்கினேன்.

மூன்று லிட்டர் ஊற்றியதும் தொட்டியில் மட்டம் ஏறியது. நண்பர் பேப்பர் கப்பின் மேல் கணக்குப் போட்டார். மொத்தம் 11 லிட்டர், அதில் பாதி கிளைக்கால். மூன்று லிட்டர் போய் வெறும் தண்ணீர் சேர்ந்ததால் இப்போது 36 சதவீதம். மைனஸ் 20 டிகிரி வரை உறையாது, இன்றிரவுக்குப் போதும். ஊசியை உருவிவிட்டு பிளக்கைச் சென்ஸாரில் மாட்டினார். சாவியைத் திருப்பினார். சத்தமில்லை. வழக்கத்துக்கு மாறாக, சத்தமில்லாதது எங்களுக்குப் பயமாக இருந்தது. நண்பர் மறுபடி இறங்கிப் போய் பிளக்கை உருவினார். 'பீப்'. மாட்டினார். மௌனம். அதற்குப் பிறகுதான் நகர்ந்தோம்.

நகீ லா, லாச்சுலுங் லா. ஒவ்வொரு பத்து கிலோமீட்டருக்கும் பானட் திறக்கப்பட்டது. அன்று லே போய்ச் சேர வேண்டியவர்கள் பாங்கில் தங்க நேர்ந்தது. ராணுவ முகாமுக்கு எதிரே வரிசையாக உள்ள கூடாரக் கடைகளில் ஒன்றில், லடாக்கிப் பெண்மணி ஒருவர் மேகியும் சூடான சாதமும் போட்டார். அவரிடமே ஒரு டஜன் தண்ணீர் பாட்டில் வாங்கினோம். விலை லேயைவிட இரு மடங்கு. மறுநாள் காலை மணாலிப் பக்கம் இறங்கவிருந்த ஒரு லாரி டிரைவரிடம் கொடுத்து, எங்கே வைக்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் பாதியிலேயே தலையாட்டிவிட்டு, பெட்டியை சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார்.

நாற்பது கிலோமீட்டருக்கு மோரே சமவெளி; பள்ளி மைதானம் போலத் தட்டையான நிலத்தில் நேர்ச் சாலை. தூரத்தில் காட்டுக் கழுதைகள். தங்லாங் லாவில் 5,300 மீட்டருக்கு மேல். இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு இரண்டே நிமிடத்தில் ஓடி வந்தோம். ரும்ட்சேயில் முதல் பாப்ளர் மரங்களையும் பார்லி வயல்களையும் கண்டபோது நண்பரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். உப்ஷியில் சிந்து நதி.

லேயில் பட்டறைக்காரர் கிளாம்பை மாற்றி, பழைய திரவத்தை வடித்துவிட்டு, பாதிக்குப் பாதி கலந்து புதிதாக நிரப்பினார். அலாரத்தின் ஒயர் பார்க்கச் சுமாராக இருக்கிறது, பெட்டியும் நயம் சரக்கல்ல, வெட்டி எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். நண்பர் வேண்டாம் என்றார். வேறு நல்ல பெட்டி கிடைக்குமா என்று விசாரித்தார். ஸ்ரீநகரில் கிடைக்கலாம் என்றார்கள். அதுவரை குச்சிகளை மட்டும் இன்னொரு முறை உப்புத்தாளால் தேய்த்துக் கொடுக்கச் சொன்னார்.